அற்புதங்கள் எல்லாமே உருவகம்தானா?

கேள்வி: குடியாத்தம் வாசகர், மார்ச் 2

ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வேதத்தில் யோசுவா 10ஆம் அதிகாரம் எடுத்தேன். போர் முடியும்வரை நிற்கச் சொல்லி யோசுவா கட்டளையிட, சூரியன் நின்றது என்றதும் ஒரு பையன் எழுந்து, "அது எப்ப சார் ஓடுச்சு, நிக்கிறதுக்கு?" என்றான். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வேதத்தில் வரும் அற்புதம் எல்லாவற்றையும் உருவகம் என்று வைத்துக்கொண்டால் தகராறே இல்லை. செங்கடல், யோனாவின் மீன், ஐந்து அப்பம், குருடன் பார்வை பெற்றது, எல்லாமே. மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மார்ச் 3, காலை

நான் மறுக்கிறேன். "எல்லாமே" என்ற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

உங்கள் மாணவன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவனை யோசுவா 10:13ஐ முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். "இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லையா?" என்று அந்த வசனத்திலேயே இருக்கிறது. அந்தப் புத்தகம் இன்று நம் கையில் இல்லை. தாவீது சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் பாடிய ஒப்பாரியும் அதிலிருந்து எடுத்ததாகவே 2 சாமுவேல் 1 சொல்கிறது. ஆக, "சூரியனே, நீ கிபியோன்மேலும், சந்திரனே, நீ ஆயலோன் பள்ளத்தாக்கின்மேலும்" என்பது போர்ப்பாட்டின் அடி. நம் பழைய மொழிபெயர்ப்பில் வசனத்துக்கு வசனம் ஒரே மாதிரி அச்சடித்திருப்பதால் எங்கே பாட்டு ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைவிடத் தெளிவான இடம் நியாயாதிபதிகள் 4, 5. ஒரே போர். 4ஆம் அதிகாரம் உரைநடையில் சொல்கிறது, 5ஆம் அதிகாரத்தில் தெபோராள் பாடுகிறாள். பாட்டில் வானத்து நட்சத்திரங்கள் எதிரிச் சேனாபதி சிசெராவுக்கு எதிராக யுத்தம் பண்ணுகின்றன. எந்த நட்சத்திரம் இறங்கி வந்தது என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பாட்டு என்று தெரிந்தால் காது தானாக ஒதுங்கி வழிவிடும்.

நம்ம ஊர்ப் பேச்சையே எடுங்கள். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைச் சொல்வார்கள். கோட்டையில் ராஜா இல்லை என்பது அப்படியே உண்மை. ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981வரை மூலவர் இல்லை என்பதும் அப்படியே உண்மை. ஆனால் 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த பிறகும் அந்தப் பேச்சைச் சொல்கிறோம், யாரும் பொய் என்பதில்லை. ஒரே மூச்சில் சொல்கிற மூன்று விஷயங்களையும் மூன்று விதமாகக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். வேதத்தைத் திறந்தால் மட்டும் ஏன் ஒரே காதால் கேட்க வேண்டும்?

மார்ச் 3, இரவு

கலிலேயோவைப் பற்றி இருவர் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற அவருக்கு எதிராக எடுத்த வசனங்களில் யோசுவா 10 முக்கியமானது. 1633இல் அவரை விசாரித்துத் தண்டித்தார்கள். பாட்டை வானசாஸ்திரமாக வாசித்ததற்கு ஒரு மனிதன் கொடுத்த விலை அது. ஆனால் அதை வைத்துக் கொண்டு "ஆகவே குருடன் பார்வை பெறவில்லை" என்ற இடத்துக்குத் தாவ முடியாது. அது வேறு வகை எழுத்து. மாற்கு 2இல் நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அங்கே பாட்டு இல்லை. கூட்டத்தால் உள்ளே போக முடியாத அவஸ்தைதான் இருக்கிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்று ஒருவர் கேட்டார். என் அண்ணனால்தான்.

அவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. அறுபதுகளில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது அரிதான சங்கதி இல்லை. சத்துக்குறைவான குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் கருவிழி வெந்ததுபோல் ஆகிவிடும். அவர் படித்தார், ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றார், சபையில் கீபோர்டு வாசிக்கிறார்.

அவர் வாலிபராக இருந்தபோது ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அம்மா அழைத்துக்கொண்டு போனார். மைதானம் நிறைய ஜனம். மேடையில் இருந்தவர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். "பார்க்கிறாயா?" என்றார். "இல்லை ஐயா" என்றார் அண்ணன். இன்னொரு தடவை ஜெபித்தார். "இப்போது?" "இல்லை ஐயா." மைக்கை நகர்த்திவிட்டு அம்மாவிடம், "வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் உபவாசம் இருந்தார்கள், தன்னிடம்தான் குறை என்று. அவர்கள் சாகும்வரை அந்த முள் எடுபடவில்லை என்றே நினைக்கிறேன்.

இது எழுத்துப்படி வாசித்ததால் வந்த காயம் என்றுதானே சொல்வீர்கள்? பொறுங்கள்.

பல வருஷம் கழித்து, நன்றாகப் படித்த ஒரு போதகர் எங்கள் சபையில் பர்திமேயுவைப் பற்றி, மாற்கு 10இல் இயேசுவிடம் பார்வை பெற்ற குருடனைப் பற்றி, பிரசங்கம் செய்தார். "இது உடல் கண்ணைப் பற்றியதல்ல. நாம் எல்லோருமே குருடர்கள். பணத்தால் குருடர், ஜாதியால் குருடர்." ஜாதியைப் பற்றிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கீபோர்டு பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் வரும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர் என்னைக் குணமாக்கப் பார்த்தார், முடியல. இவர் என்னை ஆளே இல்லாம ஆக்கிட்டார். பாவத்துக்கு என் கண்ணைப் பேர் வச்சிட்டார்."

அந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாசிப்பு அவர் உடம்பைத் தோல்வி என்றது. இன்னொன்று அவர் உடம்பை உதாரணம் என்றது. இரண்டிலும் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பர்திமேயுவிடம் இயேசு முதலில் கேட்டது, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" கண் தெரியாதவன் என்பது பார்த்தாலே தெரியும், இருந்தும் கேட்டார்.

அண்ணனிடம் அதைச் சொன்னேன். "என்னைக் கேட்டிருந்தா பஸ் நம்பர் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்னு கேட்டிருப்பேன்" என்றார்.

மார்ச் 6

"உணர்ச்சியை வைத்து வாதாடுகிறீர்கள், வசனத்தை வைத்துப் பேசுங்கள்" என்று ஆரணி வாசகர். சரி, பேசுவோம்.

மாற்கு 8:22 முதல் 26 வரை. பெத்சாயிதாவில் ஒரு குருடன். இயேசு அவனை ஊருக்கு வெளியே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார், கண்களில் உமிழ்ந்து கை வைக்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். அரைகுறைப் பார்வை. மறுபடி கை வைத்தபிறகுதான் தெளிவாகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இரண்டு கட்டமாக நடக்கும் குணமாக்குதல் இது ஒன்றுதான்.

இப்போது முன்னும் பின்னும் பாருங்கள். சற்று முன்னால் 18ஆம் வசனத்தில் சீஷர்களைப் பார்த்து, கண்ணிருந்தும் காணவில்லையா என்று கடிந்துகொள்கிறார். சற்றுப் பின்னால் 29இல் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறான். 32இல் அதே பேதுரு சிலுவைப் பேச்சைக் கேட்டதும் அவரைக் கடிந்துகொள்ளத் தொடங்குகிறான். அவனுக்கும் அரைகுறையாகத்தான் தெரிகிறது, மனிதர்கள் மரங்களைப்போல. மாற்கு இந்தச் சம்பவத்தை இந்த இடத்தில் வைத்தது காரணத்தோடுதான். உருவகம் நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் ஒட்டியது இல்லை, எழுதினவரே உள்ளே வைத்தது.

ஆனால் அந்த உருவகம் எதன்மேல் நிற்கிறது? அந்த மனிதன்மேல். உமிழ்நீர், கை, ஊருக்கு வெளியே நடந்தது, பாதிப் பார்வை, "ஊருக்குள் போகாதே" என்ற எச்சரிக்கை. அவன் எதுவும் அடையாமல் வெறும் பாடமாக இருந்தால் பேதுருவைப் பற்றிய பாடமும் விழுந்துவிடும். யோவான் 9இலும் இப்படித்தான். பிறவிக் குருடன் முதலில் உண்மையாகவே பார்க்கிறான், அக்கம்பக்கத்தார் "இவன்தானா அவன்?" என்று சண்டை போடுகிறார்கள், பெற்றோர் பயந்து நழுவுகிறார்கள். இத்தனையும் நடந்து முடிந்து, அதிகாரத்தின் கடைசியில்தான் பரிசேயர் "நாங்களும் குருடரோ?" என்று கேட்கிறார்கள்.

அந்த அதிகாரத்தின் தொடக்கமும் முக்கியம். "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம்?" என்று கேட்டது இயேசுவின் சொந்தச் சீஷர்கள். இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று பதில் வந்துவிட்டது. அந்த மைதானத்தில் மேடையில் நின்றவர் இதை வாசித்திருந்தால் என் அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். "எழுத்துப்படி" என்று சொல்லிக்கொள்கிறவர்களோடு எனக்குள்ள பெரிய வழக்கே இது. எழுத்தில் இருப்பதை அவர்கள் வாசிப்பதில்லை.

மார்ச் 6, மதியம்

கண் மருத்துவத் துறையில் இருக்கும் ஒருவர் எழுதியது அருமையான குறிப்பு. பிறவிக் கண்புரையை நாள் கடந்து எடுத்தால் வெளிச்சம் தெரியும், ஆனால் பார்ப்பது இன்னதென்று மூளை பழக வேண்டும், ஆகவே "மரங்களைப்போல" என்பது மருத்துவப்படி பொருந்துகிறது என்கிறார். எனக்கு ஒரே ஒரு தயக்கம். இந்த மனிதனுக்கு மரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. அவன் முன்பு பார்த்தவனாக இருக்க வேண்டும். யோவான் 9இல் வருகிறவன்தான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன்.

மார்ச் 8

யோனா, மீன் விழுங்கிய தீர்க்கதரிசி. இங்கே நான் குடியாத்தம் நண்பரோடு பாதித் தூரம் வருகிறேன். மூன்றாம் அதிகாரத்தில் நினிவேயில் மனிதரோடு ஆடுமாடுகளும் உபவாசம் இருக்கின்றன, மிருகங்களும் இரட்டு என்னும் துக்கச் சாக்குத்துணி உடுத்திக்கொள்கின்றன. புத்தகமே மிருக ஜீவன்களைப் பற்றிய ஒரு கேள்வியோடு முடிகிறது. உவமைக் கதையின் நடை இது என்று சொல்கிறவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். மீனின் தொண்டை எத்தனை அடி என்று அளக்கிறவரைவிட, கோபப்பட்ட தீர்க்கதரிசியைக் கடவுள் எவ்வளவு பொறுமையாக நடத்துகிறார் என்று பார்க்கிறவருக்கே யோனா புத்தகத்தில் அதிகம் கிடைக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

யோவான் 5இல் நோயாளிகள் சுகத்துக்காகக் காத்துக் கிடந்த பெதஸ்தா குளம் பற்றிய சண்டையில் ஒரு திருத்தம். "தேவதூதன் தண்ணீரைக் கலக்குவான் என்று யோவானே எழுதியிருக்கிறார்" என்று ஆம்பூர் வாசகர் உறுதியாகச் சொல்கிறார். யோவான் 5:4 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஜனங்கள் ஏன் காத்திருந்தார்கள் என்று விளங்க வைக்கப் பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே அறிஞர்களின் பொதுவான முடிவு. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை மூல வசனமாகவே வைத்திருக்கிறது, அதனால் நம் பாட்டிமாருக்கு அது வேதவாக்கு. அதில் அவர்கள் குறை ஒன்றும் இல்லை.

அதே குளத்தைப் பற்றி இன்னொன்று. அதற்கு ஐந்து மண்டபங்கள் என்று யோவான் சொல்கிறார். அவை மோசேயின் ஐந்து ஆகமங்களைக் குறிக்கும் என்று பழைய திருச்சபை அறிஞர் அகஸ்தீன் விளக்கினார். நியாயப்பிரமாணத்துக்குள் படுத்துக் கிடக்கும் நோயாளிகள், அழகான விளக்கம்தான். பின்னாளில் எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்துப் பக்கத்தில் தோண்டினார்கள். இரட்டைக் குளம், நடுவில் ஒரு தடுப்பு. சுற்றி நான்கு மண்டபம், தடுப்பின்மேல் ஒன்று, ஆக ஐந்து. உருவகம் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேல் பேசப்பட்ட எண்ணிக்கை கொத்தனார் கணக்காக இருந்தது. இதனால் அற்புதம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எழுதினவருக்கு அந்த இடம் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அவசரப்பட்டு எல்லாவற்றையும் குறியீடாக்கும் முன் கொஞ்சம் நிதானிக்க அதுவே போதும்.

மார்ச் 11

குஷ்டரோகி சுகமான பகுதியைச் "சமுதாயம் ஒதுக்கியவர்களை ஏற்றுக்கொள்வதன் உருவகம்" என்று ராணிப்பேட்டை நண்பர் விளக்கியிருக்கிறார். தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி பக்கத்தில் இருந்துகொண்டு இதை இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறதே என்று இருந்தது.

லேவியராகமம் 13, 14ஐ வாசித்தால் அங்கே சொல்லப்படும் "குஷ்டம்" துணியிலும் வருகிறது, வீட்டுச் சுவரிலும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வராது. தோல் வியாதி பலவற்றையும் பூஞ்சணத்தையும் சேர்த்துச் சொன்ன பழைய பெயர் அது. அதை நாம் ஒரே நோயின் பெயராக்கியதால் தீட்டு முழுவதும் அந்த ஒரு நோய்க்காரர்கள் தலையில் விழுந்தது. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "தொழுநோய்" என்று மரியாதையாகச் சொல்கிறது, ஆனால் அந்தச் சிக்கல் தீரவில்லை.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். உணர்ச்சி போய்விடுவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்பட்டுக் காயம்பட்டு விரல் தேய்கிறது என்று அவர் கண்டுகொண்டார். தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிப்போன கைகளை விரிய வைத்தார். கரிகிரி மருத்துவமனை 1955இல் வந்தது. இத்தனைக்கும் முதலில் என்ன செய்ய வேண்டியிருந்தது? அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மாற்கு 1:41இல் இயேசு கையை நீட்டித் தொட்டார் என்று இருக்கிறது. ஏற்றுக்கொள்ளுதல் என்ற அர்த்தம் அங்கே நிச்சயம் உண்டு. ஆனால் அது தொட்டதில்தான் இருக்கிறது. தொடாமல் ஏற்றுக்கொள்வது நாம் ஞாயிறுதோறும் செய்கிறதுதான்.

மார்ச் 13

மேரி வர்கீஸ் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். இங்கே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, இங்கே அந்தத் துறைக்குத் தலைவரானார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறந்தது.

"இதுவே ஒரு அற்புதம்தானே?" என்று கேட்கிறீர்கள். நேற்று வரை நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். இன்று கொஞ்சம் தயங்குகிறேன். அவர் நடக்கவில்லை. அவருக்காக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள், அவர் எழுந்து நடக்கவில்லை. அதை "அற்புதம்" என்று பெயர் மாற்றினால் அவர் இழந்ததும் உழைத்ததும் மறைந்துபோகும். அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்து முள்ளை, விடாத ஓர் உபாதையை, எடுக்கச் சொல்லிக் கர்த்தரிடம் மூன்று தரம் கேட்டார், எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலை நாம் வருஷப்பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கிறோம். அது ஒரு மறுப்புக்கு வந்த பதில் என்பதை அட்டையில் போடுவதில்லை.

மார்ச் 13, இரவு

இன்னொன்று விட்டுப்போனது. காந்தி ரோடு லாட்ஜ்களில் ஜார்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எழுத்துப்படிதான் கேட்கிறார்கள். கட்டி கரைய வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும். அவர்களிடம் போய் "சுகம் என்பது உள்ளத்தின் நிலை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. "நம்பினால் நாளைக்கே" என்று சொல்லவும் வராது.

மார்ச் 16

இயேசு ஐந்து அப்பத்தைக் கொண்டு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட சம்பவம். "சின்னப் பையன் தன் ஐந்து அப்பத்தைக் கொடுத்ததைப் பார்த்து எல்லோரும் வெட்கப்பட்டு அவரவர் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள், இதுதான் அற்புதம். நான்கு சுவிசேஷமும் சாட்சி." இது வாணியம்பாடி வாசகர். பையன் யோவானில் மட்டும்தான் வருகிறான். கட்டுச்சோறு எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. சாப்பிட ஒன்றும் இல்லாததால் ஜனங்களை அனுப்பிவிடும் என்று சீஷர்களே மாற்கு 6இல் சொல்கிறார்கள். பகிர்ந்து உண்பது நல்ல பாடம், ஆனால் அதற்காக இல்லாத சோற்றை வசனத்துக்குள் கட்டிக்கொண்டு போகக் கூடாது. 2 இராஜாக்கள் 4இன் கடைசியில் எலிசா இருபது வாற்கோதுமை அப்பத்தை நூறு பேருக்குப் போட்டு மீதியும் வைத்தான். அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் சுவிசேஷகர்கள் எழுதுகிறார்கள். அந்தத் தொடர்பைப் பிடித்தால் எழுத்தும் கெடாது, அர்த்தமும் விரியும்.

மார்ச் 17

"அப்படியானால் உயிர்த்தெழுதலையும் சீஷர்களின் மனமாற்றம் என்று கொள்ளலாமா?" பவுல் இதற்கு இடம் வைக்கவில்லை. 1 கொரிந்தியர் 15இல் கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்கிறார். நம்பாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. பவுல் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல மட்டும் முடியாது.

மார்ச் 19

குடியாத்தம் நண்பர் நேராகக் கேட்டுவிட்டார்: "பர்திமேயு பார்த்தான் என்று நீங்கள் நம்புகிறீர்களா, ஆம் இல்லை மட்டும் சொல்லுங்கள்."

ஆம்.

உடனே அடுத்த கேள்வி வரும் என்று தெரியும்: அப்படியானால் உங்கள் அண்ணன் ஏன் பார்க்கவில்லை? அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதாகச் சொல்கிறவர்களை எங்கள் வீட்டு வாசல்படி ஏற விடுவதும் கிடையாது. அந்தக் கேள்வியை உருவகத்தால் மூடிவிடலாம் என்ற யோசனையைத்தான் நான் இத்தனை நாளாக மறுத்துக்கொண்டிருக்கிறேன். அது திறந்தே இருக்கட்டும்.

உங்கள் வகுப்புக்கு நீங்கள் என்னை அழைத்ததற்கு நன்றி. வருகிறேன். யோசுவா 10இல் பாட்டு வருகிற அடிகளைப் பலகையில் தனியாக எழுதி, பிள்ளைகளை ராகம் போட்டுப் பாட வைப்போம். அடுத்து மாற்கு 10, பர்திமேயு. அதற்கு அண்ணனும் வரச் சம்மதித்திருக்கிறார், இரண்டு நிபந்தனையோடு. அவரைப் பற்றி முன்கூட்டியே யாரும் பிள்ளைகளிடம் அறிமுகப் பேச்சு பேசக் கூடாது. பிள்ளைகள் என்ன கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், பெரியவர்கள் குறுக்கே விழுந்து அடக்கக் கூடாது. கீபோர்டு இருந்தால் எடுத்து வைக்கவும்.